பின்பாதிக்காரன்

பெப்ரவரி 12, ஞாயிறு

இது வங்கியில் இலவசமாகக் கொடுத்த நாட்குறிப்பு. ஒன்றரை மாதமாக, ஆடுகிற சாப்பாட்டு மேசையின் ஒரு காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று அதை இழுத்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மரக்கட்டையைச் செருகினேன். எழுத வேண்டிய காலம் வந்துவிட்டது.

என் ஒரே மகள் துளசிகாவுக்குக் கல்யாணம் முற்றாகியிருக்கிறது. மாப்பிள்ளை எஸ்பென், நொர்வேஜியப் பெடியன், மின்கம்பி வேலை செய்கிறவன். வெள்ளைக்காரன் என்று நான் ஒரு மறுப்பும் சொல்லவில்லை. அவன் யாருடைய பேரன் என்று தெரிந்தால் யாரும் சொல்லமாட்டார்கள். ஒட்வாருடைய பேரன். முப்பது வருடத்துக்கு முன், நொர்வேயின் வடக்குக் கோடியில் கிடக்கிற இந்த ஊருக்கு நான் வந்து மீன் ஆலையில் சேர்ந்தபோது என் மேற்பார்வையாளராக இருந்த அதே ஒட்வார். எனக்கு இந்த மொழியைத் தந்த மனிதர்.

கவலை கல்யாணத்தைப் பற்றியதல்ல, பேச்சைப் பற்றியது. இந்த நாட்டு வழக்கப்படி விருந்தில் பெண்ணின் தகப்பன் எழுந்து நின்று பேச வேண்டுமாம். அதுவும் முதல் ஆளாக. நம் கல்யாணங்களில் பெண்ணின் தகப்பனுக்குக் கைகூப்பவும், பந்தியில் குழம்பு முடிந்துவிட்டதா என்று பார்க்கவும், மாப்பிள்ளை வீட்டாருக்குப் பயப்படவும்தான் வேலை. இங்கே மேடைப் பேச்சு.

கவலை என்று எழுதிவிட்டேன், கவலை எனக்கு அல்ல. இந்த ஊர்த் தமிழர்களில் யாருக்குச் சுகமில்லை என்றாலும் டொக்டரிடம் கதைக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் நொர்வேஜியனில் ஒரு குறையும் இல்லை. குறை இந்த நாட்டவர்களிடம். குளிரோ என்னவோ, எல்லோருக்கும் காது மந்தம். எதைச் சொன்னாலும் 'கா சா டூ?' என்று திருப்பிக் கேட்பார்கள். என்ன சொன்னீர்கள் என்று அர்த்தம். முப்பது வருடமாக இதே தொல்லை.

பெப்ரவரி 14, செவ்வாய்

எங்கே மொழி படித்தீர்கள் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில்: வகுப்பில் அல்ல, பெட்டி தூக்கி.

பழைய ஆலையில் மேல்தளத்திலிருந்து குளிர் அறைக்கு ஓர் ஒடுங்கிய சரிவு இறங்கும். வண்டி போகாது. மீன் பெட்டியை இருவர் பிடித்து இறக்க வேண்டும். ஒட்வார் முன்பக்கம். முகம் என்னைப் பார்க்க, பின்னால் பின்னால் நடந்து இறங்குவார். நான் மேலே, பின்பக்கம். இருவரும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும் என்பதற்காக அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். குனியும்போது அவர் ஒரு சொல்லின் முன்பாதியைச் சொல்வார், நிமிரும்போது நான் பின்பாதியைச் சொல்ல வேண்டும். அவர் "பிஸ்கெ" என்பார். நான் "கஸ்ஸெ!" என்று முக்கியபடி தூக்குவேன். பிஸ்கெகஸ்ஸெ, மீன் பெட்டி. இந்த மொழியில் பெருவாரியான சொற்கள் இப்படி இரண்டை ஒட்டிச் செய்தவை. தூக்குகிற ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சொல். மாத்-பக்கெ என்றால் கட்டுச்சாப்பாடு. வின்டர்-யாக்கெ என்றால் குளிர்ச்சட்டை. சூகெ-ஹூஸ் என்றால் ஆஸ்பத்திரி. ஒன்பது வருடம் இப்படிப் படித்தேன். அதன் பிறகுதான் பள்ளிக்கூடப் பராமரிப்பாளர் வேலை கிடைத்தது.

சரிவில் மேலே நின்றவன் நான், ஆகவே பாரம் முழுக்க என் பக்கம் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். ஒட்வார் சும்மா பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பார், வேறென்ன.

பெப்ரவரி 19, ஞாயிறு

பேச்சு தயார். மூன்று பக்கம். சமையலறையில் மனைவி மலர் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருக்க, துளசியும் எஸ்பெனும் உட்கார்ந்திருக்க, எழுந்து நின்று கம்பீரமாக வாசித்துக் காட்டினேன். முடிந்ததும் எஸ்பென் "சுவாரஸ்யம்" என்றான். இந்த ஊரில் ஒருவருக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை என்றாலும் அதே சொல்லைத்தான் சொல்வார்கள். ஆனால் அவன் அந்த அர்த்தத்தில் சொல்லியிருக்கமாட்டான்.

துளசி மேசையைப் பார்த்தபடி, "அப்பா, நீங்கள் தமிழிலையே பேசுங்கோவன். நான் பக்கத்தில நிண்டு அவைக்கு மொழிபெயர்த்துச் சொல்லுறன்" என்றாள்.

"ஏன், நான் கதைக்கிறது அவைக்கு விளங்காதோ?"

"விளங்கும்... ஆனா..."

"என்ன ஆனா?"

"முதல்ல சாப்பிடுங்கோ ரெண்டு பேரும்" என்றாள் மலர். சண்டை வருகிற வாசனை அவளுக்கு முன்கூட்டியே தெரியும்.

பெப்ரவரி 20, திங்கள்

இன்று துளசியோடு கதைக்கவில்லை. அவள் காலையிலேயே வேலைக்குப் போய்விட்டதால் அது அவளுக்குத் தெரியாது.

பெப்ரவரி 26, ஞாயிறு

துளசி கைபேசியில் என் பேச்சைப் பதிந்து வைத்திருந்தாள். போட்டுக் காட்டினாள். நன்றாகத்தான் இருந்தது.

"கேக்குதே அப்பா? எல்லாச் சொல்லையும் நீங்கள் வாலில பிடிச்சுத் தூக்குறீங்கள்" என்றாள். "இந்த மொழியில பாரம் சொல்லின்ர தலையில. முன்பாதிக்கு முழு அடி, பின்பாதிக்கு அரை அடி. நீங்கள் என்ன செய்யிறீங்கள்? முன்பாதியை வாய்க்குள்ள முணுமுணுக்கிறீங்கள், பிறகு நடுவில நிக்கிறீங்கள், பிறகு பின்பாதியை ஹக் எண்டு தூக்குறீங்கள். சனத்துக்கு முதல் பாதி கேக்கிறதே இல்லை. அதுதான் எல்லாரும் உங்களிட்டைத் திருப்பித் திருப்பிக் கேக்கினம்."

"அவைக்குக் காது மந்தம்."

"நாடு முழுக்கவோ?"

பிறகு அவள் மெல்லிய குரலில் சொன்னாள்: "எனக்கு வெக்கமில்லை அப்பா. ஆனா அண்டைக்கு ஆராவது உங்களைப் பார்த்துச் சிரிச்சா எனக்குத் தாங்காது. நான் மேசையைக் கவிட்டுப் போட்டு எழும்பிப் போயிடுவன்."

அவள் அப்படிச் செய்யக்கூடியவள்தான். ஐந்தாம் வகுப்பில் செய்திருக்கிறாள்.

நான் நொர்வேஜியனில்தான் பேசுவேன் என்று சொல்லிவிட்டேன். என் மகளின் கல்யாணத்தில், ஒட்வாரின் குடும்பத்துக்கு முன்னால், எனக்கு ஒருவர் பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பதா? ஊருக்கே மொழிபெயர்த்தவன் நான். இருந்தாலும் அந்தப் பதிவை அவள் போன பிறகு இன்னொரு தரம் கேட்டேன். முக்குகிற சத்தம் கொஞ்சம் இருக்கிறது.

மார்ச் 6, திங்கள்

பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்பு அறையில் வெப்பமூட்டி சத்தம் போடுகிறது என்றார்கள். போனேன். பிள்ளைகள் சொற்களைப் பிரித்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஒட்டின இடத்தில் சொல்லைப் பிரித்து, முன்பாதிக்கு ஓங்கித் தட்டுகிறார்கள், பின்பாதிக்கு மெதுவாக. ஸ்னோ! ஸ்குஃபெ. பனி அள்ளும் சவள்.

ஆறு வயதுப் பிள்ளைகள். பிழையாகத் தட்டுகிறார்கள். பாவம்.

மார்ச் 10, வெள்ளி

வெப்பமூட்டி இன்னும் திருத்தி முடியவில்லை. திங்களன்றே சத்தம் நின்றுவிட்டது, ஆனால் மேலதிகமாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது. இன்று நிலத்தில் உட்கார்ந்து திருப்புளியோடு நானும் லேசாகத் தட்டிப் பார்த்தேன். பின்வரிசைச் சிறுமி ஒருத்தி திரும்பி, நான் பின்னால் ஓங்கித் தட்டுவதாக ஆசிரியையிடம் முறையிட்டாள். ஆசிரியை என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் வெப்பமூட்டியைப் பார்த்தேன்.

மார்ச் 19, ஞாயிறு

வானொலியில் வானிலை அறிக்கை கேட்டேன். வாசிக்கிற பெண்ணும் முன்பாதியில்தான் பாரம் போடுகிறாள். செய்தி வாசிப்பவரும். விளையாட்டுச் செய்தியும். ஆட்டிறைச்சி விளம்பரமும்.

"அம்பது லச்சம் சனமும் பிழை விடாதப்பா" என்கிறாள் மலர்.

ஏன் விடாது? ஆனால் விவாதத்துக்காக அவர்கள் சொல்வது சரி என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் முப்பது வருடமாக நான் எப்படி இந்தத் தவறை... வேண்டாம். மேசை மறுபடி ஆடுகிறது, மரக்கட்டை மெலிவு. நாட்குறிப்பின் தடிப்புத்தான் சரியாக இருந்தது.

மார்ச் 26, ஞாயிறு

மலர் வேலை செய்கிற முதியோர் இல்லத்துக்கு ஒட்வாரைப் பார்க்கப் போனேன். மாசக்கணக்காகத் தள்ளிப் போட்டது பிழை என்று உள்ளே போனதும் பட்டது. கிறிஸ்துமஸ் நேரம் மூளையில் இரத்தக் கசிவு வந்ததிலிருந்து அவர் பேச்சு சரியில்லை. ஒரு சொல்லைத் தொடங்கிப் பாதியில் விட்டுவிடுகிறாராம், பிறகு எதிரே இருப்பவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாராம். தாதிகள் முழுச் சொல்லைக் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டார்கள். அவருடைய மகளும் எஸ்பெனின் தாயுமான பெரித் வந்து பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போவதாக மலர் சொன்னாள்.

நான் உள்ளே போனதும் சக்கர நாற்காலியில் இருந்த ஒட்வார் நிமிர்ந்தார். "காஃபெ" என்றார்.

"கொப்!" என்றேன். கோப்பியும் கோப்பையும். ஒரு கோப்பை கோப்பி கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தார்.

"மாத்" என்றார்.

"பக்கெ!" என்று சொல்லி, நான் கொண்டுபோன பாண் துண்டைப் பிரித்துக் கொடுத்தேன். அரை மணித்தியாலம் இப்படி நன்றாகக் கதைத்துக்கொண்டிருந்தோம். கிழவருக்கு ஒரு குறையும் இல்லை. தாதிகளுக்குத்தான் காது மந்தம்.

மலர் வாசலில் துணிக் கூடையோடு நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. வெங்காயம் உரித்திருப்பாள். மலருக்கு மொழி அவ்வளவு போதாது, அங்குள்ள கிழவிகளோடு மணிக்கணக்காகக் கதைத்துச் சிரிப்பாள், அவ்வளவுதான்.

ஏப்ரல் 8, சனி

இரவு முழுக்கப் பனி. வாசலில் இடுப்பளவு. சவளை எடுத்துக்கொண்டு இறங்கியபோது ஒரு யோசனை வந்தது. குத்தி அள்ளும்போது முன்பாதி, வீசும்போது பின்பாதி. அள்ளுவதற்குத்தானே பலம் வேண்டும், ஆகவே பாரம் தானாக முன்னுக்கு விழும். பக்கத்து வீட்டு ரொல்ஃபுக்குக் கேட்கும்படி "சூகெ! ஹூஸ்" என்று பத்துப் பதினைந்து தரம் சொல்லி அள்ளினேன்.

முதல் தடவையாக என் உச்சரிப்பு ஒரு நொர்வேஜியனுக்கு உடனே விளங்கியது. ரொல்ஃப் காலணிகூடப் போடாமல் காலுறையோடு ஓடிவந்து என்னைத் தன் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார். வழியெல்லாம் நெஞ்சு வலியா என்று கேட்டுக்கொண்டே வந்தார். இல்லை, பயிற்சி என்றேன். "கா சா டூ?" என்றார். பயிற்சி என்பது ஒட்டுச்சொல் அல்ல, அதனால் இருக்கலாம்.

ஏப்ரல் 22, சனி

பிரச்சினை இதுதான். கை எதையாவது அடித்தால்தான் வாய் முன்பாதியில் பாரம் போடுகிறது. மண்டபத்தில் சவளோடு நிற்க முடியாது. தொடையில் தட்டிப் பழகினேன், தொடை கறுத்துவிட்டது. மேசையில் தட்டினேன், மேசை ஆடுகிறது.

இன்று கண்டுபிடித்துவிட்டேன். கரண்டி! கண்ணாடிக் கிளாசில் கரண்டியால் ஒரு தட்டு. டிங் என்ற சத்தத்தோடு முன்பாதி கணீரென்று வருகிறது, பின்பாதி தானாக அடங்கிப் போகிறது. டிங் ஸ்வீகர், சொன். மருமகன். பக்கத்து அறையிலிருந்து துளசி எட்டிப் பார்த்து, "ஆரப்பா அது, வானொலியோ?" என்றாள். கரண்டியைப் பொக்கெட்டில் வைத்தேன். கல்யாணத்தன்று பார்க்கட்டும்.

மே 17, புதன்

நாட்டுத் தேசிய நாள். கொடி, ஊர்வலம், ஐஸ்கிரீம். பனி கொட்டியது. ஐஸ்கிரீமை நிறுத்தவில்லை.

மே 28, ஞாயிறு

மூன்று பக்கப் பேச்சிலும் ஒட்டுச்சொல் வரும் இடமெல்லாம் சிவப்புப் பேனையால் புள்ளி வைத்தேன். புள்ளிக்கு ஒரு டிங். அறைக் கதவைச் சாத்திவிட்டு வாசித்தேன். ஒரு பிசிறில்லை. என்னைவிட நன்றாக வானிலை வாசிக்கிறவள்தான் வாசிப்பாள்.

மலர் கதவுக்கு வெளியே நின்று, நொர்வேஜியக் கல்யாணத்தில் கரண்டி, கிளாஸ், கதிரை என்று ஏதோ சொன்னாள். விருந்துச் சாமான் கணக்கு என்று நினைக்கிறேன். ஓம் ஓம் என்றேன்.

இதுவரை எத்தனை நொர்வேஜியக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறோம் என்று யோசித்தேன். ஒன்றுக்கும் இல்லை. நம் கோவில், நம் பூப்புனித விழா, நம் மண்டபம். முப்பது வருடம் போனதே தெரியவில்லை.

ஜூன் 9, வெள்ளி

நாளை. எனக்கு ஒரு பதற்றமும் இல்லை. பிற்பகல் சவரம் செய்யும்போது பற்பசையைக் கன்னத்தில் பூசிவிட்டேன், அது மணவீட்டு நெரிசல். கதிர்காமர் தொலைபேசியில் கூப்பிட்டார். இந்த ஊருக்கு என்னைவிட ஒரு வருடம் பிந்தி வந்தவர். "அண்ணை, உங்கட பேச்சை முழுக்க வீடியோ எடுக்கப் போறன், கனடாவுக்கு அனுப்பலாம்" என்றார். எடுக்கட்டும் என்றேன். தொலைபேசியை வைத்த பிறகு இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்தேன்.

ஜூன் 11, ஞாயிறு

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

நேற்றுக் காலை தாலிகட்டு நன்றாக நடந்தது. எஸ்பென் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் தாலி கட்டினான். ஐயர் முடிச்சை மறுபடி போட்டார்.

மாலை ஊர் மண்டபத்தில் விருந்து. ஒரு பக்கம் நம்மவர்கள், ஒரு பக்கம் அவர்கள். துளசி கூறைச்சேலையை மாற்றாமலே எஸ்பெனோடு நடுமேசையில் இருந்தாள். ஒட்வாரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து முன்வரிசையில், பெரித்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். பழைய நீலக் கோட்டு. நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார், பேசவில்லை.

என் பெயரைச் சொன்னார்கள். எழுந்தேன். ஒரு கையில் பேச்சு, மறுகையில் கரண்டி, முன்னால் கிளாஸ். கதிர்காமர் கைபேசியை உயர்த்தினார்.

"அன்பான" என்று தொடங்கி, முதல் சிவப்புப் புள்ளி, டிங். "கல்யாண விருந்தினர்களே" என்று அவர்கள் மொழியில் ஒரே சொல்லாக, முன்பாதியில் பாரம் போட்டுச் சொன்னேன். தேன் மாதிரி வந்தது. மண்டபத்தின் வெள்ளைக்காரப் பக்கம் முழுக்க ஆர்ப்பரித்தது! இவ்வளவு வரவேற்பை நானே எதிர்பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். துளசியும் எஸ்பெனும் தங்கள் கதிரைகளில் ஏறி நின்று, எல்லோருக்கும் முன்னால், வாயோடு வாய் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

இளம் பிள்ளைகள், சந்தோஷம், என்று நினைத்தேன். நம்மவர்கள் பக்கம் எல்லோரும் தங்கள் தட்டில் இருந்த உருளைக்கிழங்கை உற்றுப் பார்த்தார்கள்.

டிங். "என் மருமகன்" என்றேன். மறுபடி ஆர்ப்பரிப்பு. துளசி கூறைச்சேலையை முழங்கால்வரை அள்ளிக்கொண்டு மறுபடி கதிரையில் ஏறினாள். மறுபடி கொஞ்சினார்கள். கோவில் தலைவர் தன் பேத்தியின் கண்ணைப் பொத்தினார்.

இது என்னடா கூத்து என்று எனக்குக் கோபம் வந்தது. தகப்பன் பேசும்போது கொஞ்சம் பொறுக்கக்கூடாதா? அந்த ஆத்திரத்தில் அடுத்த வரியில் இருந்த மூன்று புள்ளிகளையும் சேர்த்து அடித்துவிட்டேன். டிங், டிங், டிங். எஸ்பென் சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து விழப் பார்த்தான். துளசி மேலிருந்தபடியே, "அப்பா, காணும்!" என்று கத்தினாள். தலைப்பூ ஒரு பக்கம் தொங்கியது.

மலர் தன் மேசையிலிருந்து எழுந்து, அவசரமில்லாமல் நடந்து வந்து, என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கித் தன் கைப்பைக்குள் போட்டாள்.

"கிளாசில தட்டினா பொம்பிளை மாப்பிள்ளை கதிரையில ஏறிக் கொஞ்சவேணும் எண்டது இவையின்ர வழக்கம்" என்று பல்லைக் கடித்தபடி சொன்னாள். "கதவுக்கு வெளியில நிண்டு அண்டைக்கு ஆருக்குச் சொன்னனான், சுவருக்கோ?"

பிறகு விருந்தினர்கள் பக்கம் திரும்பி, அவர்கள் மொழியில், என் கணவர் தாளம் போட்டுப் படித்தவர், மன்னிக்க வேண்டும் என்று சொன்னாள். ஒரே மூச்சில், வானிலை வாசிக்கிறவளைப் போலச் சொன்னாள். யாரும் கா சா டூ என்று கேட்கவில்லை. மலருக்கு மொழி பரவாயில்லை.

கரண்டி இல்லை. பேச்சைப் பார்த்தேன், சிவப்புப் புள்ளிகள் மட்டும் தெரிந்தன. தாளை மடித்துவிட்டு மனதில் இருந்ததைச் சொல்லத் தொடங்கினேன். நான் வந்த முதல் மாசி மாதம். கொழும்பு வெயிலில் வாங்கின மெல்லிய சட்டையோடு ஆலைக்குப் போனது. சரிவில் நின்று நடுங்கினது. பெட்டி கையிலிருந்து வழுக்கினது. அப்போது ஒட்வார் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, தன் உடம்பிலிருந்து கழற்றி எனக்குப் போட்டுவிட்டது ஒரு...

சொல் வரவில்லை. குளிர்ச்சட்டைதான், எத்தனை ஆயிரம் தரம் சொன்ன சொல். அதன் பின்பாதி நாக்கு நுனியில் நிற்கிறது, முன்பாதியைக் காணவில்லை. கை வெறுங்காற்றில் தட்டுகிறது. துளசியைப் பார்த்தேன். அவள் மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், யாராவது சிரித்தால் கவிழ்ப்பதற்கு. என் பிள்ளையின் கல்யாணம் என்னால் கெடப் போகிறது என்று உண்மையிலேயே பயந்துவிட்டேன். இத்தனை நாளும் பயமில்லை என்று எழுதியதெல்லாம் பொய்.

அப்போது முன்வரிசையில் மேசையில் ஓங்கி ஒரு குத்து விழுந்தது.

"வின்டர்!" என்றார் ஒட்வார்.

"யாக்கெ!" என்றேன். என் முழங்கால் தானாக மடிந்து நிமிர்ந்தது.

ஒட்வார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த குத்து. "மாத்!"

"பக்கெ!" ஓம், அதையும் சொல்ல மறந்துவிட்டேன், அவர் தன் பாணில் பாதியை எனக்குத் தந்தார் என்றேன். "பிஸ்கெ!" "கஸ்ஸெ!" பேச்சு என் கையில் இல்லை, அவர் கொடுத்த சொல்லுக்கெல்லாம் நான் கதை சொல்லிக்கொண்டு போனேன். பழைய ஆலையில் வேலை செய்த நம் பெண்கள் இரண்டு மூன்று பேர் பின்மேசையிலிருந்து என்னோடு சேர்ந்து பின்பாதியைக் கத்தினார்கள். பிறகு வெள்ளைக்காரப் பக்கமும் சேர்ந்தது. அவர் ஒருவர் முன்பாதி, மண்டபம் முழுக்கப் பின்பாதி. முடிவில் அவர் தன் பேரனைக் கைகாட்டி "ஸ்வீகர்" என்றார். நான் "சொன்!" என்று சொல்லி, எஸ்பெனின் தோளைப் பிடித்தேன். எஸ்பென் அழுதான். மின்கம்பத்தில் ஏறுகிற பெடியன்.

பெரித் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "அப்பா பாதியில் மறந்துவிடுகிறார் என்றுதானே நாங்கள் நினைத்தோம். அவர் மற்றப் பாதிக்காகக் காத்திருந்திருக்கிறார்" என்றாள். கிழவருக்கு ஒரு குறையும் இல்லை என்று நான் மார்ச் மாதமே எழுதியிருக்கிறேன். யாரும் இந்த நாட்குறிப்பை வாசிப்பதில்லை, அதுதான் கோளாறு.

துளசி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "ஒரு சொல்லும் பிழையில்லை அப்பா" என்றாள். பிறகு கதிர்காமரிடம் போய், அந்த வீடியோவில் முதல் ஐந்து நிமிடத்தை அழித்தால் என்ன தருவது என்று பேரம் பேசினாள்.

ஒட்வாரைத் திரும்பக் கொண்டுபோக வேண்டிய நேரம், மண்டபத்து மின்தூக்கி வேலை செய்யவில்லை. படியால் இறக்க வேண்டும். வரும்போது பெடியன்கள் தூக்கி வந்தார்களாம். எஸ்பென் நாற்காலியின் பின்பக்கம் பிடித்தான். நான் முன்பக்கம் என்றேன். ஒட்வாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இறங்க ஆசையாக இருந்தது, வேறொன்றும் இல்லை.

குனிந்தேன். ஒட்வார் என்னைப் பார்த்தபடி இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. காத்துக்கொண்டிருந்தார். முன்பக்கம் பிடித்தவன்தானே தொடங்க வேண்டும்.

"பிஸ்கெ!" என்றேன். கரண்டி இல்லாமல், முழுப் பாரத்தோடு.

"கஸ்ஸெ" என்றார் ஒட்வார், மெதுவாக, சிரித்துக்கொண்டு. தூக்கினோம்.

நான் பின்னால் பின்னால் நடந்து முதற்படியில் கால் வைத்தேன். நாற்காலி சரிந்தது. சரிந்ததும் அந்த மனிதரும் நாற்காலியும் மொத்தமாக என் கைக்கு வந்தார்கள். மூச்சு நின்றுவிட்டது. மேலே எஸ்பெனைப் பார்த்தேன். அவன் சும்மா பிடித்துக்கொண்டு நின்றான்.

ஜூன் 12, திங்கள்

இடுப்பு பிடித்துவிட்டது. எழும்ப முடியவில்லை. மலர் தைலம் தேய்த்தாள்.

டொக்டரின் அலுவலகத்துக்கு நானே தொலைபேசி எடுத்தேன். "ரிக்! ஸ்மெர்ட்டர்" என்றேன், முதுகுவலி. எடுத்த பெண் திருப்பிக் கேட்கவில்லை. இந்த நாட்டவர்களுக்குக் காது கொஞ்சம் தேறி வருகிறது.

"எப்படிப் பிடித்தது?" என்றாள்.

"பாரம் தூக்கினேன். சரிவில் முன்பக்கம்."

"ஐயோ, அந்தப் பக்கத்தில்தானே பாரம் முழுக்க வரும். எத்தனை நாளாகத் தூக்குகிறீர்கள்?"

"ஒரேயொரு தரம்" என்றேன்.

ஒரு வாரம் படுத்திருக்கச் சொன்னாள். பின்னேரம் முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டும் என்று நினைத்திருந்தேன், முடியாது. மலரிடம் மாத்-பக்கெ கட்டிக் கொடுத்துவிட்டேன். நான் ஒரே நாள் தூக்கிவிட்டு ஒரு வாரம் படுக்கிறேன். ஒட்வார் ஒன்பது வருடம் அந்தப் பக்கம் தூக்கினார், ஒரு நாள்கூட லீவு போட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.